வெடித்து முடியாத குண்டு

பெங்களூர் காக்ஸ் டவுனில் ஆஞ்சலா மிஸ் வீட்டுக் கொல்லையில் கிடந்த பீரங்கிக் குண்டு, இரண்டு வருடங்களுக்கு முந்தைய ஆயுத பூஜையன்று காலையில் வெடிக்க ஆரம்பித்தது. இன்னும் வெடித்து முடியவில்லை. வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாளம் மறந்துவிட்டுப் போன குண்டு அது. மழைநீர்த் தொட்டிக்குக் குழி வெட்டியபோது கடப்பாரைக்குத் தட்டுப்பட்டது. ஆஞ்சலா மிஸ் பள்ளியில் வேதியியல் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர். வெட்டிய ஆட்களை வந்த வழியே மெல்லத் திரும்பி நடக்கச் சொன்னார், குழியைச் சுற்றி நாற்காலிகள் போட்டுக் கயிறு கட்டினார், போலீசுக்குப் போன் செய்தார். பிறகு வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார். தொடக்கூடாது, நகர்த்தக்கூடாது, துருப்பிடித்ததைப் பார்த்துச் செத்துவிட்டதென்று நினைக்கக்கூடாது, வயதாக ஆக உள்ளே இருக்கும் மருந்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் அந்தத் தெருவை மிஞ்ச ஆளில்லை. தசரா லீவு முடிந்ததும் ஆள் அனுப்புவதாகப் போலீசில் சொன்னார்கள்.

பின்சுவரை ஒட்டிய வீட்டில் குடியிருந்த டூவீலர் மெக்கானிக் விக்கியும் தலையாட்டியவன்தான். ஆனால் ஆயுத பூஜையன்று ஸ்பேனர், ஜாக்கி, கம்ப்ரெசர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து முடித்தபோது, பக்கத்துக் கொல்லையில் நிஜமான ஆயுதம் ஒன்று பொட்டில்லாமல் கிடப்பது அவன் மனதை உறுத்தியது. மிஸ் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்துச் சுவரேறிக் குதித்தான். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தான், மஞ்சள் குங்குமம் வைத்தான், சாமந்திச் சரம் சுற்றினான், கற்பூரம் காட்டினான். கடைசியில் வெள்ளைப் பூசணிக்காயைத் தலைக்கு மேல் தூக்கி, குண்டின் மூக்கருகே ஓங்கி உடைத்தான். குண்டு வெடித்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றவன் திறந்து பார்த்தபோது, எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு நெருப்பும், அதைச் சுற்றி மயிரிழை விரிசல் விட்ட இரும்பும் இருந்தன. சாயங்காலத்துக்குள் விரிசல் ஒரு நூல் அகலம் ஆனது. "பூஜை பண்ணதாலதான் மிஸ் மெதுவா வெடிக்குது," என்றான்.

லீவு முடிந்து வந்த வெடிகுண்டுப் பிரிவு அதிகாரி குனிந்து பார்த்துவிட்டு, "மேடம், நாங்க வெடிக்காத குண்டுக்குத்தான் வருவோம். இது வெடிச்சாச்சே," என்றார். காவல் நிலையத்திலோ, முழுசாக வெடிக்கட்டும், சேதம் தெரியாமல் எதைப் பதிவு செய்வது என்று கேட்டார்கள். இரண்டு இடத்துக்கும் நடந்து நடந்து மிஸ்ஸின் செருப்பு தேய்ந்தது. இரும்புத் துண்டுகள் நாளுக்கு ஓர் அரிசி அகலம் வீதம் காற்றில் நகர்ந்தன. வெடிச்சத்தமும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. டிரான்ஸ்பார்மர் இரைகிறது என்று தெருக்காரர்கள் கரன்ட் ஆபீசில் புகார் கொடுத்தார்கள். குறுக்கே கருங்கல் பலகை வைத்துப் பார்த்தார்கள். ஒரு துண்டு அதை ஊறவைத்த உளுந்தைப் போல நசுக்கித் துளைத்துக்கொண்டு போனது. அதற்கும் யாரும் பயப்படவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் துண்டுகளுக்கு நடுவே தலையை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். "அது என்ன ஓடியா வருது மிஸ்? நம்ம நகர்ந்துக்கிட்டா போச்சு," என்றார்கள். மெதுவாக வருவதெல்லாம் ஆபத்தில்லை என்று இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று மிஸ் தலையில் அடித்துக்கொண்டார்.

துண்டுகளில் பெரியது, அரிவாள் அளவுள்ளது, அடுத்த தசராவுக்கு விக்கி வீட்டுச் சுவருக்குள் நுழைந்தது. அதே மாதம் விக்கியின் மனைவி மகாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ரக்ஷிதா என்று பெயர் வைத்து, அந்தச் சுவரின் உட்பக்கத்தை ஒட்டியே தொட்டில் கட்டினார்கள். மிஸ் பதறிக்கொண்டு ஓடினார்.

"எங்க மிஸ் மாத்திக் கட்டறது? இருக்கறதே ஒரு கொக்கி," என்றாள் மகா. "இன்னொண்ணு மாட்ட ஓனர் டிரில் போட விடமாட்டாரு. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கறோம். வெளிய வரட்டும், அப்போ பாத்துக்கலாம்."

சுவரைக் குண்டு துளைத்துக்கொண்டிருப்பது பற்றி ஓனர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மிஸ் தினமும் போனார். கெஞ்சினார், திட்டினார், பகல் முழுக்கக் குழந்தையைத் தரையிலாவது போடச் சொன்னார். நாளாக ஆக, மிஸ்ஸின் குரல் கேட்டாலே மகா கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு மாசிக் காலையில் கதவு திறந்து கிடந்தது. உள்ளே போனால், செங்கல் பொடி குழந்தையின் கன்னத்தில் உதிர்ந்திருந்தது. தொட்டிலுக்கு ஒரு சாண் மேலே சுவரிலிருந்து இரும்பு முனை நீட்டிக்கொண்டிருந்தது. மகா அதில் கொசுவலையை மாட்டியிருந்தாள். மிஸ் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்கு வந்து தாழ்ப்பாள் போட்டார். தெருவே திரண்டு வந்து பிள்ளை பிடிப்பவள் என்று கத்தப் போகிறது என்று காத்திருந்தார்.

மகா மட்டும் வந்தாள். கையில் பால் புட்டியும் துணிப் பையும் இருந்தன. "கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே மிஸ்," என்றாள். மறுநாளே ரிச்சர்ட்ஸ் டவுனில் விட்டிருந்த சமையல் வேலைக்குத் திரும்பிப் போனாள். அன்றிலிருந்து காலையில் ரக்ஷிதா மிஸ் வீட்டுக்கு வந்துவிடுகிறாள், பொழுது சாய்ந்ததும் போகிறாள். ஒரு துண்டிடமிருந்து காப்பாற்றிய பிள்ளையை மொத்த வெடிப்பும் இருக்கிற வீட்டில் வைத்து வளர்க்கிறோம் என்பது மிஸ்ஸுக்கு இரண்டாம் நாள்தான் உறைத்தது. சமையலறையில் நின்று கோபம் தீர அழுதார். பிறகு குழந்தையை முன்னறையில் படுக்கவைத்து, கொல்லைக் கதவை அடைத்துப் பூட்டினார்.

ஜூலையில் பெங்களூரின் நசநசத் தூறல் பிடித்துக்கொண்டது. ஒரு வாரமாக ஒரு துணியும் காயவில்லை. குழந்தைக்குச் சளி, மாற்றுவதற்குக் கடைசித் துணியும் ஈரம். மிஸ் கொல்லைக் கதவைத் திறந்தார். எதிரே, இடுப்பு உயரத்தில், ஒரு துண்டு சூடு குறையாமல் மிதந்துகொண்டிருந்தது. சுவர்மேல் யாராவது எட்டிப் பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, துணியை அதன்மேல் போட்டார். திருப்பிப் போடுவதற்குள் மொறமொறவென்று காய்ந்துவிட்டது. மறுநாள் துணிகளோடு போனபோது அந்தத் துண்டு கொல்லைப் படியை நோக்கி அன்றைக்குரிய தூரம் வந்திருந்தது. மிஸ் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு, ஒவ்வொன்றாக உதறிப் போட்டார்.