உடையாத பக்கம்

மட்டக்களப்பில் தேவாலய மண்டபம் ஒன்றில், கண்ணாடியை வெட்டி ஒட்டிச் செய்யும் ஓவிய வகுப்பு. வீட்டில் சும்மா கிடக்கும் கண்ணாடியைக் கொண்டுவரச் சொல்லியிருந்தாள், கற்பிக்க வந்த ஷெரோன். மற்றவர்கள் போத்தலும் படச்சட்டமும் கொண்டுவந்தார்கள். மியூரியல் துவாயில் சுற்றிக் கொண்டுவந்தது, விபத்தில் அப்பளமாய் நொறுங்கிய வான் வண்டியின் யன்னல் கண்ணாடி ஒன்றை. அதில் ஒரு கீறல்கூட இல்லை.

ஷெரோன் விரலால் சுண்டிப் பார்த்தாள். “அன்ரி, வாகனக் கண்ணாடிய வெட்ட ஏலாது. கட்டர் பட்டா முழுக்கப் பொடிப்பொடியாக் கொட்டிரும்.”

“தெரியும். மற்றப் பக்கத்துக் கண்ணாடி அப்படித்தான் கொட்டினது. மகளைப் பெட்டியில வைக்கக்குள்ள தலைமயிருக்குள்ள இருந்து நான்தானே பொறுக்கி எடுத்தனான்.”

ஷெரோன் கதிரையை இழுத்துப் போட்டாள். மியூரியல் உட்காரவில்லை.

“வாவிக் காத்து வேணுமெண்டு, இந்த யன்னலடியில இருந்தவளை எழுப்பி மற்றப் பக்கம் அனுப்பிப்போட்டு இந்தப் பக்கம் இருந்தது நான்,” என்றாள். பிறகு கட்டருக்காகக் கையை நீட்டினாள்.