கழற்றாத பம்பர்

இடித்தது ஒரு சிமெண்டுத் தூணில். ஓட்டியவன் பட்டி. பக்கத்து சீட்டில் அவனுடைய அக்கா. பின் சீட்டில் அவளுடைய புருஷன். ஒர்க்‌ஷாப்பில் எல்லாருக்கும் அவர் டிங்கர். நசுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்துவது அவர் வேலை.

கார் இவர்கள் யாருடையதும் இல்லை. ஒரு கணக்கு வாத்தியார் பிரேக் பார்க்க விட்டுப் போனது. வேலை முடிந்த வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார்கள். அந்த ஒரு சுற்று என்ன மாயமோ, எப்போதும் டிங்கர் வீட்டு வழியாகத்தான் போகும். அவர் மனைவி இஸ்திரி போடும் சலவைக் கூடத்து வாசலைத் தொட்டுவிட்டுத்தான் திரும்பும். முதலாளிக்குத் தெரியாது. தெரிந்தால் மாமனுக்கும் மச்சானுக்கும் அன்றைக்கே சீட்டு கிழிந்துவிடும்.

அந்தத் திங்கட்கிழமை ஒரு ஸ்கூட்டர் குறுக்கே வந்தது. பட்டி ஸ்டியரிங்கை ஒடித்தான். 'டொக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கண்ணாடிகூட விரியவில்லை. மடியில் இருந்த எவர்சில்வர் சாப்பாட்டு டப்பா அக்காவின் இடது விலாவில் போய் முட்டியது. அவள் ஒரு கையால் விலாவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"அக்கா, ஒண்ணுமில்லையே?"

"நீ ஓட்டுற அழகுக்கு உயிரோட இருக்கிறதே பெருசு. எடுடா வண்டிய, நேரமாச்சு."

இறங்கிப் பார்த்தார்கள். பம்பரின் இடது மூலையில் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு கீறல். பிளாஸ்டிக் பம்பர், உள்ளே போய்விட்டுத் தானாகவே வெளியே வந்து நின்றது.

"இதுக்குப் பேரு இடியா மாமா? கொசு உட்கார்ந்து எழுந்து போயிருக்கு" என்றான் பட்டி. அவனுக்கு அந்தப் பேர் சும்மா வரவில்லை. எந்தப் பள்ளத்தையும் பட்டி மாவு வைத்துத் தேய்த்து, பெயிண்ட் அடித்து, வண்டி செய்தவனுக்கே அடையாளம் தெரியாமல் ஆக்கிவிடுவான். ஒரு மணி நேரத்தில் கீறல் போன இடம் தெரியவில்லை.

சாயங்காலம் அவள் டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினாள். ஒரு பக்கம் ஒடுங்கி, மூடி மூடவில்லை. டிங்கர் மரச் சுத்தியலை எடுத்து நாலு தட்டுத் தட்டினார். ஒடுக்கு நிமிர்ந்துவிட்டது.

"மனுஷங்களையும் இப்படித் தட்டி எடுக்க முடிஞ்சா நல்லாயிருக்கும்ல?" என்று சிரித்தாள் அவள்.

"எங்க வலிக்குது?"

"விலாவுல லேசா. தோள்லதான் அதிகம், இடது தோள்ல."

"இஸ்திரிப் பெட்டியோட மல்லுக்கட்டுற உடம்பு, வலிக்காம என்ன செய்யும்" என்று தைலம் தேய்த்துவிட்டார். தேய்த்துக்கொண்டே, "ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு போய்ட்டு வந்துடலாமா?" என்று கேட்டார். கேட்டாரே ஒழிய, எழுந்திருக்கவில்லை.

"போய் என்ன சொல்லுவீங்க? எந்த வண்டி, யாரு வண்டின்னு கேட்டா? நீங்களும் அவனும் வீட்ல உட்கார்றதுக்கா? தோள்வலிதானேங்க."

டிங்கர் தைலப் புட்டியை மூடினார். கீறலை மறைத்தாயிற்று, டப்பாவை நிமிர்த்தியாயிற்று, இனி என்ன பாக்கி என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை அவள் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவினாள். தண்ணீர் மட்டும் சொம்பு சொம்பாகக் குடித்தாள். படுத்தால் தோள் அதிகமாக வலிக்கிறது என்று தலையணையை முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்தே இருந்தாள். டிங்கர் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

"இங்கயா?"

"இல்ல."

"இங்க?"

"நீங்க அழுத்துற எடம் எதுவும் வலிக்கலைங்க. அது எங்கேயோ உள்ளேருந்து வருது."

தகரமாக இருந்தால் அவர் அந்தப் பேச்சைக் கேட்டவுடன் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். பொண்டாட்டி தோள் என்பதால் இன்னும் கொஞ்சம் தைலம் எடுத்தார்.

புதன்கிழமை நாலு மணிக்கு வாத்தியார் வண்டி எடுக்க வருவதாகச் சொல்லியிருந்தார். மூன்று மணி வாக்கில் டிங்கர் கடைசியாக ஒரு தரம் துடைத்து, பானெட்டை மூடினார். மூடிய கை அப்படியே நின்றது. இடது மூலையில் பானெட்டுக்கும் லைட்டுக்கும் நடுவே சுண்டுவிரல் நகம் உள்ளே போனது. வலது மூலையில் போகவில்லை.

"வாத்தியார் நகத்தை விட்டா பார்க்கப்போறாரு? விடுங்க மாமா" என்றான் பட்டி.

"கணக்கு வாத்தியாருடா. கோணல் இருந்தா முதல் பார்வையிலயே பிடிச்சிடுவாரு."

இடைவெளியைச் சரிசெய்யத்தான் பம்பரைக் கழற்றினார். ஆறு போல்ட்டு. பம்பர் கையோடு வந்தது. பின்னால் குறுக்கே ஓடுகிற இரும்புச் சட்டம், முழங்கையை மடக்கினாற்போல உள்ளே மடங்கிக் கிடந்தது.

அந்தச் சட்டத்தை நிமிர்த்துவது என்ன பாடு என்று டிங்கருக்குத் தெரியும். இரண்டு ஆள் மாற்றி மாற்றிச் சம்மட்டி போட்டாலும் லேசில் அசையாது. அதை மடக்கிய அடி எவ்வளவு பெரிய அடி! அவ்வளவையும் வாங்கிக்கொண்டு, வெளியே ஒரு கீறலோடு மூன்று நாளாகப் பளபளவென்று நின்றிருக்கிறது வண்டி.

டப்பா நினைவுக்கு வந்தது. கனத்த எவர்சில்வர். அது ஒடுங்கியது சும்மா இல்லை. ஒரு பக்கம் சீட் பெல்ட் இறுக்கியது. மறுபக்கம் இருந்தது அவள் விலா. ஒடுங்கிய தகரத்தை அவர் தட்டி எடுத்துவிட்டார். தகரத்தோடு சேர்ந்து அடி வாங்கியது உள்ளே அப்படியே இருக்கிறது.

அவளுக்குப் போன் அடித்தார். எடுக்கவில்லை. சலவைக் கூடத்துக்கு அடித்தார்.

"அவங்க அப்பவே கிளம்பிட்டாங்களே" என்றாள் மேற்பார்வைக்காரம்மா. "தலை சுத்துதுன்னாங்க. மூஞ்சி நாங்க வெளுக்குற துணி கணக்கா இருந்துச்சு. என்னன்னு பாருங்கண்ணே."

டிங்கர் சாவியைப் பட்டியிடம் வீசினார். "எடு வண்டிய."

"மாமா, பம்பரே இல்ல! வாத்தியார் வர்ற நேரம், முதலாளி வேற..."

"எடுக்குறியா, நான் எடுக்கட்டுமா?"

அவள் வீட்டுக் கதவுக்குள்ளேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நெற்றியெல்லாம் வேர்வை. தொட்டால் சில்லென்று இருந்தது. இருவரும் தாங்கலாகத் தூக்கிவந்து பின் சீட்டில் ஏற்றினார்கள்.

"ஐயோ, வாத்தியார் வண்டியில்ல? யாராவது பார்த்தா?"

"பார்க்கட்டும்."

பாதி வழியில் முதலாளி கூப்பிட்டார். டிங்கர் போனைக் காதில் வைத்து, அவர் வாய் திறக்கும் முன்னே சொல்லி முடித்தார்: "வண்டி எங்கிட்டதாங்க இருக்கு. திங்கட்கிழமை என் பொண்டாட்டிய இதுல ஏத்திட்டுப் போய்த் தூண்ல இடிச்சோம். அவளுக்கு உள்ள அடிபட்டிருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போறேன். நீங்க என்ன செய்யணுமோ செய்ங்க." மூன்று நாளாக மறைத்து வைத்தது ஒரு மூச்சில் வெளியே வந்துவிட்டது. இவ்வளவுதானா என்றிருந்தது. இதற்காகவா மூன்று நாள்?

அவள் தலை அவர் தோளில் சரிந்தது.

"ஏங்க, இப்ப வலியே தெரியலைங்க. தோள் விட்டுடுச்சு. திரும்பிப் போயிடலாமா?"

"அப்பாடா!" என்றான் பட்டி முன்னாலிருந்து.

டிங்கர் சட்டென்று அவள் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். 'ஒரு வாரமா கடகடன்னு ஒரு சத்தம், இன்னைக்குத் தானா நின்னுடுச்சு' என்று சிரித்துக்கொண்டே வருவார்கள் வண்டிக்காரர்கள் சிலர். அந்த வண்டிகளைத்தான் அவர் மற்ற வேலையைப் போட்டுவிட்டு முதலில் திறப்பார். யாரும் சரிசெய்யாமல் சத்தம் நின்றால், எதுவோ அற்று விழுந்திருக்கிறது.

"வேகமாப் போடா."

"சிக்னல் மாமா."

"ஆரன் அடிச்சுக்கிட்டே போ! இந்தாம்மா, கண்ண மூடாத. பேசு."

"என்ன பேச?"

"என்னைத் திட்டு."

அவள் சிரிக்கப் பார்த்தாள். உதடு தாளாக வெளுத்திருந்தது. நாக்கு குழறியது.

"நீங்க ஒடுக்கு எடுத்தீங்களே, அந்த டப்பா..."

"ம்ம், சொல்லு, சொல்லு."

"மூடி இன்னும் சரியா உட்காரலைங்க."