கிரேக்கத் தீவில் பட்ட துடக்கு

படத்தில், சவப்பெட்டியின் முன்பக்கத்து வலது மூலைக்குக் கீழே யதுர்ஷனின் முகம் இருந்தது. அது வேறு யாரோ என்று சாதிக்கவும் வழியில்லை. பெட்டியைத் தூக்கிய மற்ற ஐந்து பேரும் வெள்ளைக்காரர். இவன் ஒருவன்தான் யாழ்ப்பாணத்துக் கொடிகாமத்துக்காரன். போதாக்குறைக்கு, கறுப்புச் சட்டை கைவசம் இல்லாமல், பாரிசில் தான் சமையல் வேலை செய்யும் உணவகத்தின் பெயர் போட்ட கறுப்பு ரீ-சேட்டை மாட்டியிருந்தான்.

படத்தை முதலில் கண்டவள் நிரோஜினி. பதினைந்து நாளில் அவன் தாலி கட்டப்போகிற பெண். தேனிலவுக்கென்று தானே தேடிப்பிடித்து வைத்திருந்த கிரேக்கத் தீவு ஹோட்டலின் இணையப் பக்கத்தில் புதிதாக ஏதும் வந்திருக்கிறதா என்று பார்க்கப் போனாள். லியோனில் வேலைக்கு நிற்பதாகச் சொன்ன மாப்பிள்ளை அங்கே சவம் தூக்கிக்கொண்டு போனான்.

யதுர்ஷன் எதையும் ஒருதரம் ஒத்திகை பார்க்காமல் செய்யாதவன். வதிவிட அட்டை கொடுக்கும் பொபினி பிரிபெக்சரில் காலை ஒன்பது மணிக்கு வரச் சொன்னால், முதல்நாளே போய் வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு வருவான். அகதி விசாரணைக்குப் போகமுன் கண்ணாடிக்கு எதிரே நின்று ஒரு மாதம் பதில் சொல்லிப் பழகியவன். தேனிலவை மட்டும் எப்படி ஒத்திகையில்லாமல் விடுவது? படகு எவ்வளவு ஆடும், கட்டில் கிறீச்சிடுமா, இரண்டு தமிழர் போய் இறங்கினால் அந்த ஊர் என்ன பார்வை பார்க்கும் என்று யோசித்து யோசித்து நித்திரை கெட்டது. ஓகஸ்டில் உணவகம் பூட்டியதும், வதிவிட அட்டையிலிருந்து சம்பளத் துண்டு வரை அடங்கிய தடித்த கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒருவருக்கும் உண்மையைச் சொல்லாமல் விமானம் ஏறினான்.

மலைச்சரிவில் ஆறே அறை உள்ள ஹோட்டல். நடத்துவது வசிலிகி என்ற அம்மாள், அடுப்படியில் புருஷன், வாசலில் தகப்பன் மனோலிஸ். எண்பத்தெட்டு வயதுக் கிழவர் சாவியைத் தானே கொண்டுவந்து அறையைத் திறந்தார். கட்டிலில் முதலில் தான் இருந்து பார்த்தார். தண்ணீர்க் குழாயைத் திறந்து, பூட்டி, மறுபடி திறந்தார். ஜன்னல் கொக்கியை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினார். யதுர்ஷனுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. உலகத்தில் தன்னைப் போல இன்னொரு மனிதன் இருக்கிறான்.

இரண்டு நாள் ராசா மாதிரி இருந்தான். ராசா மாதிரி இருப்பது அவனுக்கு ஒத்துவரவில்லை. வசிலிகி கோப்பை கழுவும்போது கதிரையில் சாய்ந்திருக்கக் கூச்சமாக இருந்ததால், இரண்டாம் நாளே தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டான். மூன்றாம் நாள் காலை, வாசல் கதிரையில் இருந்தபடியே மனோலிஸ் போய்விட்டார்.

செத்தவீட்டிலிருந்து துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு கடலில் குளிக்க இறங்குவதற்கு அவனை வளர்த்த விதம் விடவில்லை. கோப்பிக் கடையிலிருந்து கதிரைகளை வாங்கிவந்து வரிசையாக அடுக்கினான். நாற்பது பேருக்குப் பிளேன்ரீ போட்டான். அந்த வெயிலில் சீனி தூக்கலாகக் கொதிக்கக் கொதிக்க வந்த தேத்தண்ணியைக் கிரேக்கர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி குடித்து முடித்தார்கள். அடுத்தநாள் அடக்கம். ஓகஸ்ட் காற்று ஊதோ ஊதென்று ஊதியதில் கப்பல் ஓடவில்லை; ஏதென்ஸிலிருந்து வசிலிகியின் தம்பி வந்துசேரவில்லை. பெட்டிக்கு ஆறு தோள் வேண்டும். ஐந்துதான் இருந்தது. வசிலிகி திரும்பி இவனைப் பார்த்தாள்.

அவன் பாரிசுக்கு வந்து சேர்வதற்குள் படம் வந்து சேர்ந்துவிட்டது.

விசாரணை பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில், ரூ பிலிப்-து-ஜிராரில் நிரோஜினியின் தகப்பன் தில்லையம்பலத்தின் பலசரக்குக் கடைக்குப் பின்னால், அரிசி மூட்டைகளுக்கு நடுவே நடந்தது.

“லியோனிலை கடல் இருக்கோ, தம்பி?”

“இல்லை மாமா.”

“அப்ப உந்தப் படத்திலை பின்னாலை கிடக்கிறது என்ன, குளமோ?”

“கடலை விடுங்கோ,” என்றாள் மாமி தில்லைநாயகி. “பெட்டியைத் தூக்கியிருக்கிறார் மாப்பிளை. செத்தவீட்டுத் தீட்டு, துடக்கு. முப்பத்தொரு நாள். பதின்மூண்டாந் திகதி எப்பிடித் தாலி கட்டுறது?”

யதுர்ஷன் மனதுக்குள் நாட்காட்டியைப் புரட்டினான். பதின்மூன்று தப்பினால் புரட்டாதி பிறந்துவிடும். அதில் கலியாணம் இல்லை. ஐப்பசியில் வைக்கலாம்தான். ஆனால் அவனுடைய அம்மாவின் விசா செப்டெம்பர் இருபதோடு முடிகிறது. மூன்று தரம் மறுக்கப்பட்டு நாலாம் தரம் கிடைத்த விசா. பொபினியில் அவனுடைய அறையில் இருந்து, கலியாணச் சேலைக்கு இப்போது ஊசியும் நூலுமாகத் தொங்கல் அடித்துக்கொண்டிருக்கும் அம்மாவை, கலியாணம் பார்க்காமலே விமானம் ஏற்றவேண்டி வரும்.

தொலைபேசியில் குருக்களைப் பிடித்தார்கள். அவர் சார்செலில் ஒரு வீடு குடிபூரலை முடித்துவிட்டு ரயிலில் வந்துகொண்டிருந்தார்.

“அந்நியர் எண்டால் தோய்ஞ்சால் சரி,” என்றார் குருக்கள். “தோய்ஞ்சனீரோ?”

“ஓம் ஐயா. கடலிலை.”

“பேந்தென்ன? அது சமுத்திர ஸ்நானம்.”

எல்லோருக்கும் மூச்சு வந்தது. நிரோஜினிக்கு மட்டும் அந்த லியோன் பொய் இன்னும் ஆறவில்லை. பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு தன் போனை எடுத்து ஹோட்டலின் பக்கத்தை உரத்து வாசித்தாள்: “‘எங்களிடம் வருபவர்கள் விருந்தாளிகள் அல்லர், எங்கள் குடும்பம்.’ படத்துக்குக் கீழையும் போட்டிருக்கு. ‘அப்பாவை எங்கள் குடும்பமே சுமந்து சென்றது.’”

ரயில் இரைச்சலுக்குள் குருக்கள் அதை இன்னொருதரம் வாசிக்கச் சொன்னார்.

“எழுத்திலை குடுத்திருக்கினம்,” என்றார் கடைசியில். “அப்ப விஷயம் வேறை. அவையள் என்ன ஆக்கள்?”

“கிறீஸ்காரர் ஐயா.”

“அது தெரியும். கிறீசிலை என்ன ஆக்கள்? பகுதியைப் பொறுத்துத்தானே நாள் கூடிக் குறையும்.”

தில்லையம்பலம் மருமகன் பக்கம் குனிந்தார். “என்ன தொழில் செய்யினம்?”

“ஹோட்டல் நடத்தினம். கொஞ்சம் ஆடு நிக்குது. ஒரு வள்ளமும் வைச்சிருக்கினம். தேனும் எடுக்கினம்.”

 ஒரே குடும்பம் இத்தனையையும் செய்தால் யார்தான் என்ன முடிவுக்கு வருவது? “குழப்பமாக் கிடக்கு,” என்று குருக்களே ஒத்துக்கொண்டார். “அதை விடுவம். மாப்பிளை அவையளுக்கு என்ன முறை? ஆண்வழி எண்டால் முப்பத்தொண்டு. பெண்வழி எண்டால் மூண்டு நாள்.”

“ஒரு முறையும் இல்லை எண்டு அவையளிட்டை ஒரு அத்தெஸ்தாசியோன் எடுத்தால்?” என்றார் தில்லையம்பலம். இருபத்தெட்டு வருஷம் பிரான்சில் இருந்தவருக்கு, கடுதாசியால் தீராத விஷயம் என்று ஒன்று இருக்கமுடியாது.

 தன் தாய்க்குத் தான் மகன் என்று நிரூபிக்கவே ஆறு வருஷம் கடுதாசி சேர்த்தவன் யதுர்ஷன். இப்போது ஒருத்தருக்கு ஒருத்தனுமில்லை என்று கடுதாசி கேட்கவேண்டும்.

குருக்களை ஒரு போனின் ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டே, இன்னொன்றில் ஹோட்டலை வீடியோவில் அழைத்தார்கள். வசிலிகி கறுப்பு உடுப்போடு வந்தாள். இவனைக் கண்டதும் “யாது! யாது!” என்று கூவ, புருஷனும் அயலட்டைச் சனமும் பாதிரியாரும் திரைக்குள் முண்டியடித்தார்கள். நிரோஜினி ஆங்கிலத்தில் பேசி, தமிழில் சொன்னாள்.

கறுப்பு உடுத்த பெண்ணைக் கண்டதும் மாமிக்குப் பொறுக்கவில்லை. “ஐயோ பிள்ளை, வருத்தமேதும் இருந்ததோ? பாயிலை கிடந்தவரோ?” என்று சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். மொழிபெயர்ப்பு போய்ச் சேருமுன்னரே வசிலிகி அழத் தொடங்கினாள். இரண்டு பேரும் ஐந்து நிமிஷம் வடிவாக அழுதார்கள்.

“அத்தெஸ்தாசியோனைக் கேள்,” என்று தில்லையம்பலம் மகளின் முழங்கையில் இடித்தார்.

“நான் கேக்க மாட்டன். பாவம் அவ. யது கேக்கட்டும்.”

யதுர்ஷன் கேட்கத்தான் வாயைத் திறந்தான். வாயில் வந்தது வேறு. “உங்களுக்கு நான் யார்?” என்று தன் உடைந்த ஆங்கிலத்தில் கேட்டுவிட்டான்.

வசிலிகி யோசித்தாள். தன் தம்பி நிற்கவேண்டிய இடத்தில் நின்று சுமந்தவன் இவன் என்றாள்.

“தம்பி முறை!” என்று குருக்களின் குரல் ஏலம் போடுகிற மாதிரி விழுந்தது. “முப்பத்தொண்டு!”

தில்லையம்பலம் உழுந்து மூட்டையில் பொத்தென்று இருந்தார். வசிலிகி நிறுத்தவில்லை. தனக்கு எலேனி என்று ஒரே மகள், ஏதென்ஸில் ஆசிரியை, இன்னும் கட்டவில்லை. யாது கதிரை அடுக்கிய விதத்தைக் கண்டதும், ‘இப்படி ஒரு பெடியன்தான் நமக்கு மருமகனாக வரவேண்டும்’ என்று புருஷனிடம் சொன்னாளாம். அவளுக்கு அவன் அப்படித்தானாம்.

இதை மொழிபெயர்க்கும்போது நிரோஜினியின் குரல் ஒரு படி இறங்கியது.

“மருமோன் முறை!” குருக்கள் துள்ளினார். “மூண்டு நாள்! அது முந்தநாளே கழிஞ்சு போச்சு. துடக்கில்லை, பதின்மூண்டு நிக்கட்டும்!”

“அப்பாடா,” என்றார் தில்லையம்பலம்.

“என்ன அப்பாடா?” மாமி எழும்பினாள். “ஆற்றை மருமோன்? ஆருக்கு மருமோன்?”

“எடியே, மூண்டு நாளோடை கழிஞ்சுது. பேசாமல் ஓமெண்டு சொல்லு.”

“சொல்ல மாட்டன். ரெண்டு கதிரை அடுக்கினவுடனை கொண்டுபோடுவினமோ? ஐயா, வடிவாக் கேளுங்கோ. உவர் அவையளுக்கு ஒருத்தருமில்லை. தம்பியுமில்லை, மருமோனுமில்லை. காசு கட்டித் தங்கினவர். தூக்கினார், தோய்ஞ்சார், வந்தார். எங்கடை மாப்பிளை. பதின்மூண்டாந் திகதி கலியாணம். அவ்வளவுதான்!”

“அதுவும் சாஸ்திரத்துக்குச் சரிதான்,” என்றார் குருக்கள். எது சரியில்லை என்று கேட்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. யதுர்ஷன் மனதுக்குள் அம்மாவின் சேலைத் தொங்கலை அடித்து முடித்தான்.

திரையில் வசிலிகி கண்ணைத் துடைத்தபடி காத்திருந்தாள். அந்த அம்மா ஏன் கத்துகிறாள், தான் ஏதும் பிழையாகச் சொல்லிவிட்டேனா என்று கேட்டாள். “ஒண்டுமில்லை எண்டு சொல்லிப்போட்டுக் கட் பண்ணும்,” என்று தில்லையம்பலம் கிசுகிசுத்தார்.

பெட்டியின் கனம் யதுர்ஷனின் வலது தோளில் இன்னும் இருந்தது. ஒத்திகை பார்க்க நேரமில்லை. “பதின்மூன்றாம் திகதி எனக்குக் கலியாணம்,” என்றான். “நீங்கள் எல்லாரும் வாங்கோ.”

திரைக்குள் ஆரவாரம் கிளம்பியது. பாதிரியார்கூடக் கைதட்டினார்.

“தம்பி, தம்பி!” குருக்கள் பதறினார். “உமக்குத் துடக்கில்லை, சரி. அவையளுக்கு இருக்கே! செத்தவீட்டு ஆக்களை மண்டபத்துக்கை விடேலாது!”

எல்லோரும் மாமியைப் பார்த்தார்கள். மாமி திரையைப் பார்த்தாள். கறுப்பு உடுப்போடு ஒரு பொம்பிளை, அழுது வீங்கிய முகத்தில் முதல்தரம் சிரித்துக்கொண்டு, விரலை மடக்கி மடக்கி வருகிற ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

“ஐயா, நீங்கள் மந்திரத்தைப் பாருங்கோ, வாசலை நான் பாக்கிறன்,” என்றாள் மாமி. பிறகு மகளிடம் திரும்பினாள். “எத்தினை பேரெண்டு கேள். மரக்கறிச் சாப்பாடெண்டு இப்பவே சொல்லிப்போடு. அந்த ரீச்சர் பெட்டைக்குப் பள்ளிக்கூடம் தொடங்கியிருக்கும், பாவம். வீணா லீவு எடுக்க வேண்டாமெண்டும் சொல்லு.”