காஸ்தோனுக்குச் சேர வேண்டிய கைதட்டல்

லியோன் நகரத்து நாடகக்காரர்கள், செத்துப்போன நடிகனை அழுது மட்டும் அனுப்புவதில்லை. தேவாலயத்திலிருந்து பெட்டி வெளியே வரும்போது வாசலில் நின்று கைதட்டுவார்கள். அது அவனுடைய கடைசிக் கைதட்டல். யாராவது ஒருவர் அதைத் தொடங்கி வைக்க வேண்டும்.

இன்று பெட்டியில் கிடக்கும் காஸ்தோனுக்குத் தான்தான் தொடங்க வேண்டும் என்று அன்செல்ம் முடிவு செய்திருந்தான். செய்த பாவத்தைக் கழுவ வேறு வழி அவனுக்குத் தெரியவில்லை.

வெளியாட்களுக்கு அது பாவமாகவே தோன்றாது. இருவரும் வருஷக்கணக்காக ஒரே மேடை, ஒரே ஒப்பனை அறை. ஒருவன் வசனம் மறந்து நின்றால் மற்றவன் அதையே கேள்வியாக்கி எடுத்துக்கொடுப்பான். பார்க்கிறவர்களில் ஒருவருக்கும் தெரியாது. மூன்று வருஷத்துக்கு முன், பாரிஸ் சினிமா இயக்குநர் ஒருவர் முன்வரிசையில் வந்து உட்கார்ந்த அன்று காஸ்தோனுக்கு வசனம் மறந்தது. கண்ணாலேயே கெஞ்சினான். அன்செல்ம் வாயைத் திறக்கவில்லை. நன்றாகத் தவிக்க விட்டு, பிறகு தானே ஒரு வரியை இட்டுக்கட்டிச் சொன்னான். கொட்டகை அதிர்ந்தது.

அன்செல்ம் சினிமாவுக்குப் போனான். காஸ்தோன் அதற்குப் பிறகு மேடை ஏறவேயில்லை.

"எனக்கு மறதி வந்துருச்சுடா. அதுக்கு நீ என்ன பண்ணுவ?" என்று போனில் அவன்தான் ஆறுதல் சொன்னான். அந்த ஆறுதல் அன்செல்மின் நெஞ்சை இன்றுவரை அறுத்துக்கொண்டிருக்கிறது. உண்மையைச் சொல்ல அப்போதும் வாய் வரவில்லை. கோழை.

பூசை முடிந்து பெட்டியைத் தூக்கினார்கள். காஸ்தோனின் மனைவி ஒதிலின் பக்கத்தில் போய் அன்செல்ம் மெல்லச் சொன்னான்: "நான் முன்னாடி போய் வாசல்ல நிக்கிறேன். பெட்டி வெளிய வந்ததும் ஆரம்பிச்சு வைக்கிறேன்."

ஒதில் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "போ. இதையாவது எடுத்துக்கொடு."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவன் வாசலுக்கு வந்தான்.

எதிரே தெருவில் கூட்டம். சினிமாக்காரன் வந்திருக்கிறான் என்று யாரோ சொல்லிச் சேர்ந்த கூட்டம். அவன் தலை தெரிந்ததும் ஒருத்தி கைதட்டினாள், தெருவே தட்டியது.

"எனக்கில்ல, நிறுத்துங்க. அவனுக்கு" என்று கையை ஆட்டினான்.

"எவ்வளவு அடக்கம் பாரு" என்றார் ஒருவர். சத்தம் இன்னும் கூடியது. போனை நீட்டிக்கொண்டு படியேறி வந்து சூழ்ந்துகொண்டார்கள். வாசலில் காத்திருந்த நாடகக்காரர்கள் ஓரமாய்த் தள்ளப்பட்டு, எப்போது தட்டுவது என்று தெரியாமல் விழித்தார்கள்.

"கொஞ்சம் வழி விடுங்க" என்ற குரல் கேட்டது. பெட்டி வெளியே வந்துகொண்டிருந்தது. கூட்டம் திடுக்கிட்டு விலகி, வெட்கத்தில் தலை குனிந்து கையைக் கட்டிக்கொண்டது. ஒரு சத்தமில்லை.

அன்செல்ம் தட்டினான். கூட்டத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட நாடகக்காரர்களுக்குப் பெட்டி தெரியவில்லை; அவன் ஒருவன்தான் தட்டினான்.

ஒதில் அவனைக் கடக்கும்போது நின்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

"இதையும் நீயே வாங்கிக்கிட்டியா, அன்செல்ம்?"