முதல் மணிக்கு இருபது காலர்

எங்கள் தையல் லைனில் பொய் சொல்லத் தெரியாத ஒரே பொருள் அந்த வெள்ளை போர்டுதான் என்று சூப்பர்வைசர் நாளுக்கு நான்கு முறையாவது சொல்வார். ஐந்து மாதமாக அதில் என் மெஷின் நம்பருக்கு நேரே இருந்த எண் பொய். அதை எழுதியது என் கைதான்.

நான் சட்டைக்குக் காலர் வைப்பவள். ஐந்து சட்டை ஒரு பண்டில். பண்டில் முடிந்ததும் அதில் தொங்கும் ஸ்லிப்பைக் கிழித்து என் அட்டையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். மணிக்கு எட்டு ஸ்லிப், அதாவது நாற்பது காலர், டார்கெட். ஒவ்வொரு மணி முடிவிலும் எழுந்துபோய் அவரவர் எண்ணை அவரவரே போர்டில் எழுத வேண்டும். குறைந்தால் சூப்பர்வைசர் சிவப்பு மார்க்கரால் வட்டம் போடுவார். அந்த வட்டத்தை ஏதோ கோலம் போடுகிற மாதிரி அவ்வளவு ரசித்துப் போடுவார் மனுஷன்.

என் விரல்கள் காலையில் என் பேச்சைக் கேட்பதில்லை. ஆறு மணிக்கு எழுந்தால் பற்பசை மூடியைப் பல்லால் கடித்துத்தான் திறக்க வேண்டும். இரண்டு கையிலும் விரல் தொடங்கும் முட்டிகள் உப்பிக் கிடக்கும். எட்டு மணிக்கு மெஷினில் உட்கார்ந்தால் காலர் துணியின் முனையைப் பிடிக்கவே வராது. பத்து மணிக்கு மேல் மெல்ல மெல்ல இளகும். மூன்று மணிக்கு நான் தைப்பதைப் பார்த்தால், காலையில் உட்கார்ந்திருந்தது வேறு யாரோ என்று நினைப்பீர்கள்.

பக்கத்து மெஷினில் காலர் வைப்பவளை எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவோம். அவள்தான் என் கை இறுகத் தொடங்கிய முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, தன் ஸ்லிப் நான்கை என் பக்கம் தள்ளினாள். இரண்டாவது மணிக்கு இன்னும் இரண்டு. சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு ஒன்று. கை இளகிய நேரமாகப் பார்த்து அந்த ஏழையும் அவளுக்கு நான் திருப்பித் தருவேன். ஆக, போர்டில் இருவருக்கும் காலை முதல் மாலை வரை நாற்பது, நாற்பது, நாற்பது. கண்கொத்திப் பாம்பாகப் பார்க்கிற சூப்பர்வைசரே ஏமாந்துபோனார். நாங்கள் அதை நினைத்துச் சிரித்துக்கொண்டுகூட இருந்தோம்.

வலி கூடியபோது, முதல் இரண்டு மணி நேரம் மட்டும் வேறு வேலை கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். கம்பெனி டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். அவர் முன்னால் என் ரத்தப் பரிசோதனைக் காகிதமும், போர்டு எண்களின் நகலும் இருந்தன.

"வயசு என்னம்மா?"

"முப்பத்தாறு சார்."

"தேய்மானம்தான். இந்த வேலை பாக்குற எல்லாருக்கும் வர்றதுதான். வாதத்துக்கான டெஸ்ட்லயும் ஒண்ணும் இல்ல." பிறகு போர்டு நகலைத் திருப்பி என் பக்கம் காட்டினார். "இதைப் பாருங்க. நாள் பூரா நாப்பது. கை மடங்காத ஆளு இப்படித் தைக்க முடியுமா?"

உண்மை வாய் வரை வந்தது. நெட்டையின் முகம் நினைவுக்கு வந்ததும் மென்று முழுங்கிவிட்டேன். பத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார். அந்தப் பத்து நிமிடத்தில் அவர் காகிதத்தைத்தான் தொட்டார், என் கையைத் தொடவில்லை.

எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு மூட்டு வலி. மூவருக்கும் ஒரே களிம்பு. அது அலமாரியின் நடுத்தட்டில் குலதெய்வம் மாதிரி உட்கார்ந்திருக்கும். மாமனாருக்குக் கால் கட்டைவிரல். ஒருநாள் விடிகாலையில் அது சிவந்து வீங்கி, போர்வை பட்டதற்கே தெருவுக்குக் கேட்கும்படி அலறினார். பத்து நாள் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி நடந்துபோனார். அதன் பிறகு இரண்டு முறை அதே விரல், அதே அலறல். அத்தைக்கு முழங்கால். மாடிப்படி என்றாலே முகம் சுளிப்பார். விரல் நுனிக் கணுக்களிலும் பட்டாணி அளவு முடிச்சுகள்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த மாலையில் அத்தைக்குக் களிம்பு தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"காலையில எந்திரிச்சு ரெண்டு எட்டு வச்சா சரியாயிடுதும்மா," என்றார் அத்தை. "நின்னு வேலை பாக்கப் பாக்கத்தான் சாயங்காலம் உயிர் போகுது. செத்த உக்காந்தா தேவலாம்."

என் கை அப்படியே நின்றுவிட்டது. இவருக்கு உட்கார்ந்தால் குறைகிறது. எனக்குக் கை சும்மா இருந்தால் கூடுகிறது. இவருக்கு வேலை செய்தால் கூடுகிறது. எனக்கு வேலை செய்தால் இளகுகிறது. மாமனாருக்கோ திடீரென்று வந்து திடீரென்று போகிறது. மூன்றையும் ஒரே களிம்பால் தேய்த்துக்கொண்டிருக்கிறோமே, இதைவிட முட்டாள்தனம் உண்டா?

என் வலிக்கு ஒரு நேரம் இருந்தது. அந்த நேரம் அச்சடித்த மாதிரி அந்த போர்டில் இருந்திருக்கும். அதைத்தான் நானும் நெட்டையும் சேர்ந்து தினமும் அழித்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் அவள் தள்ளிய நான்கு ஸ்லிப்பையும் அவள் பக்கமே திருப்பித் தள்ளினேன்.

"என்னடி?" என்றாள்.

"வேண்டாம். இனிமே என் நம்பர்தான் எழுதப் போறேன்."

"பைத்தியமா உனக்கு? மூணு வாரம் வட்டம் விழுந்தா நோட்டீஸ். அப்புறம் வீட்டுக்குத்தான்."

"வரட்டும். இவ்ளோ நாள் நல்ல பேரை வச்சுக்கிட்டு என்ன கிழிச்சேன்? கைதான் போய்க்கிட்டிருக்கு."

ஒன்பது மணிக்கு எழுந்துபோய் இருபது என்று எழுதினேன். லைன் முழுவதும் என் முதுகைப் பார்த்தது. அடுத்த மணிக்கு முப்பது. பிறகு நாற்பது, நாற்பத்தைந்து. சாப்பாட்டுக்குப் பிறகு முப்பத்தைந்து. அதற்கப்புறம் மூன்று மணி நேரமும் ஐம்பது, ஐம்பது, ஐம்பது. கூட்டினால் முந்நூற்று இருபது. ஒரு நாளின் டார்கெட் அதேதான். ஆனால் சூப்பர்வைசருக்கு மூன்று வட்டம் கிடைத்தது.

"என்னம்மா, காலையில தூக்கம் தெளியலியா?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"கை தெளியல சார்," என்றேன்.

மூன்று வாரம். தினமும் மூன்று வட்டம். சில நாள் ஐந்து கூடும், சில நாள் ஐந்து குறையும், ஆனால் ஏற்ற இறக்கம் மட்டும் மாறவேயில்லை. நெட்டை காலையில் கூடுதலாக வந்த ஸ்லிப்பைத் தானே எடுத்துவைத்து, சாயங்காலம் ஒட்டி எப்போதும்போல நாற்பதே எழுதினாள். என்னோடு பேசுவதையும் குறைத்துக்கொண்டாள். அது வட்டத்தைவிட வலித்தது. நான்காம் வாரத் தொடக்கத்தில் நோட்டீஸ் வந்தது. வேண்டுமென்றே வேலையைத் தாமதப்படுத்துவதாகக் குற்றச்சாட்டு. ஆதாரமாக மூன்று வாரத்து எண்களையும் மணி வாரியாக இணைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை.

அந்தக் காகிதக் கட்டோடு ஒருநாள் லீவு போட்டு பெரிய ஆஸ்பத்திரியின் மூட்டு நோய்ப் பிரிவில் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்த பெண் டாக்டர் முதலில் என் இரண்டு கைகளையும் தன் கையில் வாங்கிக்கொண்டார். முட்டிகளைச் சேர்த்து மெல்ல அழுத்தினார். துள்ளிவிட்டேன். விரல் நுனிக் கணுக்களை அழுத்தினார், அங்கே ஒன்றுமில்லை.

"காலையில இந்த இறுக்கம் எவ்வளவு நேரம் இருக்கும்?"

"அதை கம்பெனியே எழுதிக் கொடுத்திருக்கு மேடம்," என்று நோட்டீஸை நீட்டினேன்.

சிரிப்போடுதான் வாங்கினார். இரண்டாம் பக்கத்தில் சிரிப்பு நின்றது. விரலால் வரிசை வரிசையாகத் தடவிக்கொண்டே போனார்.

"தினமும் மத்தியானம் ஒரு தடவை குறையுதே, ஏன்?"

"சாப்பாட்டு நேரத்துல அரை மணி கை சும்மா இருக்கும்ல மேடம். மறுபடி இறுகிக்கும்."

அன்றே ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஜெல் தடவி முட்டி முட்டியாகப் பார்த்தார்கள். உள்ளே வீக்கம் பளிச்சென்று தெரிந்தது. அத்தையின் முழங்காலையும் மாமனாரின் கட்டைவிரலையும் பற்றிச் சொன்னேன்.

"இது தேய்மானம் இல்ல, முடக்குவாதம்," என்றார் டாக்டர். "உங்க உடம்போட எதிர்ப்பு சக்தியே மூட்டைத் தாக்குது. ரத்தத்துல தெரியாம இது வர்றவங்களும் உண்டு. அந்த டெஸ்ட்டை மட்டும் பாத்து இல்லன்னு சொல்லிட முடியாது. உங்க அத்தைக்கு இருக்கறதுதான் தேய்மானம் மாதிரி தெரியுது. மாமனாரையும் கூட்டிட்டு வாங்க, யூரிக் ஆசிட் பாக்கணும். மூணுக்கும் மருந்து வேற வேற."

"விரல் கோணிடுமா மேடம்?"

"விட்டா கோணும். இப்பவே மருந்து ஆரம்பிச்சா பெரும்பாலும் தடுத்துடலாம். இன்னும் முன்னாடி வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

ஐந்து மாதம். அந்த ஐந்து மாதமும் நாற்பது, நாற்பது என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, முதலில் என் மேல், பிறகு அந்த எண் மட்டும் போதும் என்று நினைத்தவர்கள் மேல்.

வெள்ளிக்கிழமை மேஜைக்கு அந்தப் பக்கம் பர்சனல் ஆபீசர், சூப்பர்வைசர், கம்பெனி டாக்டர். இந்தப் பக்கம் நான். ஆஸ்பத்திரிக் கடிதத்தை வைத்தேன். கம்பெனி டாக்டர் அதை இரண்டு முறை படித்தார்.

"அன்னிக்கே இந்த நம்பர் இருந்திருந்தா நானே அனுப்பியிருப்பேனே," என்றார்.

"அன்னிக்கே என் கை இருந்துச்சே சார். அதைப் பாத்திருக்கலாமே."

அவர் கடிதத்தை மடித்து மேஜையில் வைத்தார். பர்சனல் ஆபீசர் விடவில்லை.

"நோய் இருக்கட்டும்மா. அஞ்சு மாசம் நாப்பது வந்துச்சு. திடீர்னு இருபது. அப்ப எப்படி வந்துச்சு?"

"அது பொய் நம்பர் சார். வேற ஒருத்தர் ஸ்லிப்பை காலையில ஒட்டிக்கிட்டு சாயங்காலம் திருப்பிக் கொடுத்தேன். தப்பு என்னோடது."

சூப்பர்வைசர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாரு அது?"

"சொல்ல மாட்டேன்."

"சொன்னா நோட்டீஸை வாபஸ் வாங்கிக்கலாம்," என்றார் பர்சனல் ஆபீசர். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார்.

அந்த நிமிடம் வேலை என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. மருந்துச் சீட்டு பையில் இருந்தது. ஒரே ஒரு நெட்டைப் பெண்ணின் அடையாளத்தைச் சொன்னால் போதும்.

"லைன்ல நாப்பத்திரண்டு பேர் இருக்கோம் சார். நாப்பத்திரண்டு பேரையும் எழுதிக்கோங்க," என்றேன்.

முடிவை அடுத்த மாதம் சொல்வதாகவும் அதுவரை நோட்டீஸ் அப்படியே நிற்கும் என்றும் சொல்லி அனுப்பினார்கள். கதவுக்கு வெளியே பேச்சு எங்கள் லைன் வரை கேட்கும் என்பது எனக்குத் தெரியாது. அந்தக் கட்டடத்தின் சுவர்கள் அட்டை.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு போர்டுக்குப் போய் இருபது என்று கொஞ்சம் பெரிதாகவே எழுதினேன். திரும்பினால் பின்னால் நெட்டை நிற்கிறாள். என் கையிலிருந்து மார்க்கரைப் பிடுங்கி, தன் மெஷினுக்கு நேரே அறுபது என்று எழுதினாள். சூப்பர்வைசர் பாய்ந்து வந்தார்.

"அறுபதா?"

"நெசம் சார். காலையில எனக்கு அவ்ளோ வரும். சாயங்காலம் முப்பதுதான் வரும், அப்பவும் எழுதுவேன். எழுதச் சொன்னீங்கல்ல?"

அத்தோடு நின்றிருந்தால் அவர் சமாளித்திருப்பார். பட்டன் தைக்கிற இருவர் எழுந்து வந்தார்கள். ஒருத்தி முப்பது எழுதினாள், இன்னொருத்தி ஐம்பது. மாலை மூன்றரை மணிக்கு, நாள் முழுவதும் நின்றே இஸ்திரி போடுகிற அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து இருபத்தைந்து என்று எழுதினார். அவருக்கும் அடுத்த மேஜைக்கும் இடையே சாயங்காலங்களில் ஸ்லிப் போய்வந்துகொண்டிருந்தது எனக்கே தெரியாது. தட்டையாகக் கிடந்த போர்டில் அன்று ஒவ்வொருத்தியின் உடம்பும் தெரிந்தது.

வேலை முடியும் நேரத்தில் சூப்பர்வைசர் சிவப்பு மார்க்கரின் மூடியைக் கழற்றினார். போர்டை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். ஒரு வட்டம் போடப் போய் கையை இறக்கினார். மூடியை மறுபடி மாட்டினார்.

"தள்ளுங்க சார்," என்று சொல்லி, கடைசி மணிக்கான என் ஐம்பதை எழுதிவிட்டுத்தான் கிளம்பினேன்.