காருக்குக் கீழே படுக்கிறவள்

இரத்தினசிங்கத்தாருடைய கார் மக்கர் பண்ணிய ஞாயிற்றுக்கிழமையைப் போல ஒரு நல்ல நாளை, நாட்டைவிட்டு நியூ லின்னுக்குக் குடிவந்ததிலிருந்து நான் கண்டதில்லை. அது தொண்ணூற்றாறாம் ஆண்டு.

அவர் எங்கள் தெருவில்தான் இருக்கிறார். அதற்கு முந்திய குளிர்காலத்தில் பக்கத்து ஊரான பிளாக்ஹவுஸ் பேயிலிருந்து எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. எஞ்சினியர் மாப்பிள்ளை, சாதகமும் பொருந்தியது. இந்த மனிதர் அங்கே போய், "யோகராணி ஆம்பிளையள் மாதிரிக் காருக்குக் கீழ படுத்துக் கிடக்கிறவள். உங்கட குடும்பத்துக்குச் சரிவராது" என்று சொல்லிவிட்டு வந்தார். அப்பாவின் பழைய காரை நான்தான் பழுதுபார்ப்பேன், அது உண்மை. சம்பந்தம் முறிந்தது. அம்மா ஒழுங்காகச் சாப்பிடவே இல்லை. பிறகு பார்த்தால், அதே மாப்பிள்ளையைத் தன் மகள் பிரசாந்திக்குப் பேசி முடித்துவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.

அன்று அவர்கள் தட்டு மாற்றப் புறப்பட்டார்கள். ராகுகாலத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டில் கால் வைக்க வேண்டும். பிரசாந்தி பட்டுச்சேலையில், பலகாரத் தட்டுகளோடு பின் சீட்டில் இருந்தாள். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஓட்டோமேட்டிக் கார், தள்ளியும் ஸ்டார்ட் பண்ண முடியாது. டாக்சி வர நேரமாகுமாம். எங்கள் கார் அப்பாவோடு வேலைக்குப் போயிருந்தது. வேறு வழியில்லாமல் அவர் எங்கள் கதவைத் தட்டினார்.

நான் அவசரப்படாமல் ஆறுதலாகத்தான் போனேன். ஹோர்ன் அடிக்கச் சொன்னேன். பலமாக அடித்தது. ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பச் சொன்னேன். 'டக்' என்றது, வெளிச்சம் மங்கவே இல்லை. பாட்டரியில் குறையில்லை. ஸ்டார்ட்டர் மோட்டாருக்குள் கரண்ட் போகவில்லை. உள்ளே கரண்டைக் கொடுக்கிற கார்பன் கட்டை தேய்ந்திருக்கும். மோட்டாரைத் தட்டிக்கொண்டு சாவியைத் திருப்பினால் எடுபடும். இவ்வளவும் எனக்கு உடனேயே விளங்கிவிட்டது. இருந்தாலும் பாட்டரி வயர்களை ஒவ்வொன்றாக அவரையே ஆட்டிப் பார்க்கச் சொன்னேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து வேர்த்தார். எனக்கு அது இனித்தது.

பிறகுதான், ஒருவர் கீழே படுத்துத் தட்ட வேண்டும் என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார்.

"நான் கீழ படுக்கேலாது மாமா. குடும்பத்துக்குச் சரிவராது. நீங்கள் படுங்கோ."

பிரசாந்தி தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கும் எல்லாம் தெரியும்.

அவர் பட்டு வேட்டியோடு ஈரத் தரையில் படுத்து, நான் காட்டிய இடத்தில் வீல் ஸ்பானரால் தட்டினார். நான் டிரைவர் சீட்டில் இருந்து சாவியைத் திருப்பினேன். எஞ்சின் எடுபட்டது. எழுந்தபோது அவருடைய முதுகெல்லாம் சேறு, திருநீற்றின் மேல் கறுப்பு எண்ணெய். வேட்டி மாற்ற நேரமில்லை.

"இனிப் பிரச்சினை இல்லைத்தானே, பிள்ளை?"

"ஓடிக்கொண்டிருக்குமட்டும் ஒண்டும் செய்யாது, மாமா."

நான் பொய் சொல்லவில்லை. நிறுத்தினால்தான் திரும்பவும் அந்த 'டக்'. வீல் ஸ்பானரைப் பலகாரத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டேன். தட்டு மாற்றி முடிந்ததும் இவர்களை வழியனுப்ப மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் வாசலுக்கு வருவார்கள். காருக்குக் கீழே படுக்கிறவர் யார் என்று அங்கே நின்று நன்றாகப் பார்க்கட்டும்.

வீட்டுக்குள் வந்ததும் அம்மா கையைக் கழுவச் சொன்னார். நான் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். ஒரு துளி எண்ணெய்கூடப் பட்டிருக்கவில்லை.