மூக்குத்திக் கவுண்டர்

கிழக்கு வெளுக்கும் முன்பே காந்தி ரோட்டில் அந்த நகைக்கடையின் விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. அட்சய திருதியை. திருப்பதிக்கு வந்த கூட்டம் மலையிலிருந்து இறங்கி நேராகக் கடைக்கு வரும் என்று முதலாளி நாகேந்திரன் எதிர்பார்த்தார். விடிந்ததும் கதவைத் திறந்தாக வேண்டும்.

நிலவறைப் பெட்டகத்திலிருந்து நகைத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மார்போடு அணைத்துக்கொண்டு, குறுகலான இரும்புப் படிகளில் பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். லிப்ட் இருந்தது, அது வாடிக்கையாளர்களுக்கு.

தேவசேனா தன் தட்டுகளைச் சங்கிலிக் கவுண்டரில் இறக்கிவைத்துவிட்டு முதுகை நிமிர்த்தினாள். இடுப்பில் சுளீரென்றது. சங்கிலிகளை ஒவ்வொன்றாக எடுத்து வெல்வெட் பொம்மைக் கழுத்துகளில் மாட்டத் தொடங்கினாள். கொக்கியின் முனை நகக்கண்ணில் குத்தும். குத்தினாலும் கையை உதறக் கூடாது, நகை விழுந்துவிடும். கடைக்குள் செருப்புக்கு அனுமதி கிடையாது. ஏசியின் குளிர் கிரானைட் தரை வழியாக உள்ளங்காலில் ஏறி முழங்காலில் போய் உட்கார்ந்துகொள்ளும். கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார அனுமதி இருந்தது அந்தக் குளிருக்கு மட்டும்தான்.

அவள் நகரியிலிருந்து வருகிறவள். வீட்டுக்காரன் கமலக்கண்ணன் விசைத்தறி ஓட்டுகிறான். தறிக்கு நூல் வராத மாதங்களில் வீடு ஓடுவது இவள் நிற்கும் கால்களை நம்பித்தான். அந்தக் கால்களில் நரம்புகள் பச்சைக் கயிறாகப் புடைத்துக்கொண்டு பல வருஷமாயிற்று.

பக்கத்து மூக்குத்திக் கவுண்டரில் மோனிகா நின்றாள். ஆறாம் மாதம். சீருடைப் புடவையின் மடிப்பு வயிற்றில் நிற்கமாட்டேன் என்று நழுவிக்கொண்டே இருந்தது.

"ஏதாச்சும் துன்னியாடி?" என்றாள் தேவசேனா.

"வேன்ல வரசொல்ல ரெண்டு இட்லி துன்னேன்க்கா. அப்பவே வெளிய வந்துடுச்சி."

"தண்ணியாவது குடி."

"குடிச்சா பாத்ரூம் போவணும். முரளி சார் கிட்ட யாரு நின்னு கேட்டுக்கினு இருப்பாங்க?"

கதவு திறந்தது. அதற்குப் பிறகு பேச நேரமில்லை. மொட்டைத் தலைகளும் மஞ்சள் துணிகளும் லட்டு வாசனையுமாகக் கூட்டம் உள்ளே பாய்ந்தது. தெலுங்கு, தமிழ், கன்னடம், எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே பதில் சொல்ல வேண்டும். சிரிப்பு குறைந்தால் மேனேஜர் முரளிதரன் எதிரே நின்று தன் உதட்டைத் தொட்டுக் காட்டுவான்.

முன்பகல் வெயில் கண்ணாடியில் ஏறியபோது 'அக்கா' என்று ஒரு குரல் கேட்டது. தேவசேனா திரும்புவதற்குள் மோனிகா சரிந்துவிட்டாள். விழுந்த வேகத்தில் கை மூக்குத்தித் தட்டை இழுத்துக்கொண்டது. நெற்றி கவுண்டர் முனையில் மோதியது. கல் வைத்த பொட்டுப் பொட்டான மூக்குத்திகள் தரையெங்கும் தெறித்தன.

தேவசேனா அவள் தலையை மடியில் தாங்கினாள். புருவத்துக்கு மேலே ரத்தம்.

"ஆட்டோ கூப்டுங்க யாராச்சும்!"

"யாரும் நகரக் கூடாது!" என்று முரளிதரன் கத்தினான். "ஷட்டர இறக்கு! முதல்ல சரக்கப் பொறுக்குங்க!"

பெண்கள் முழங்காலிட்டுத் தேடினார்கள். ஒரு மூக்குத்தி குறைந்தது. மறுபடி தேடினார்கள். குறைந்தது குறைந்ததுதான். மாடியிலிருந்து நாகேந்திரன் இறங்கி வந்தார். கீழே கிடந்தவளைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார்.

"ஏமைந்தி முரளி? என்ன ஆச்சு?"

"ஒண்ணு கம்மி சார்."

"தேவசேனா, நீ பெரியவ. அவ மடியப் பாரு. பாத்துட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம்."

"சார், ரத்தம் வருது சார்."

"அதான் சொல்றேன். சீக்கிரம் பாரு."

எவ்வளவு சீக்கிரம் பார்க்கிறோமோ அவ்வளவு சீக்கிரம் அனுப்புவார்கள் என்றுதான் தேவசேனா நினைத்தாள். பின்னால் எத்தனை முறை யோசித்தும், நினைத்தது அது ஒன்றுதான். அவள் கை மோனிகாவின் இடுப்புக்குள் போனது. கொசுவத்தைப் பிரித்தது. ரவிக்கையைத் தடவியது. பேப்பரில் மடித்த, உப்பு மிளகாய்த்தூள் தோய்ந்த மாங்காய்த் துண்டு ஒன்று கையில் வந்தது. அவ்வளவுதான்.

வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதன் பிறகுதான் மோனிகாவை ஏற்றிக்கொண்டு போக ஆட்டோ வந்தது.

மதியம் பெருக்குகிற வெங்கடலட்சுமி வாடிக்கையாளர் நாற்காலியின் காலடியிலிருந்து அந்த மூக்குத்தியைப் பொறுக்கிக் கொடுத்தாள். முரளிதரன் துடைத்து, தட்டில் வைத்து, பூட்டினான். சாயங்காலம் பின்வாசலில் வழக்கம்போல எல்லோரையும் தடவிப் பார்த்தே வெளியே அனுப்பினார்கள்.

தேவசேனா நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். நெற்றியில் தையலோடு மோனிகா படுத்திருந்தாள். ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் அவள் புருஷன் யோகேஷ், கம்பெனிச் சட்டையோடு சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

"கொழந்த நல்லா துடிக்குதாம்க்கா. படுத்தே இருக்கணும்னாங்க."

"அது போதும்டி."

"முரளி சார் போன் பண்ணாரு. இனிமே வர வேணாமாம். கடை பேரு கெட்டுப்போச்சாம்."

"அந்த மூக்குத்தி கெடச்சிடுச்சிடி! வெங்கடலட்சுமி எடுத்துக் குடுத்தாளே!"

"அத அவரு சொல்லலியே."

மோனிகா நெற்றித் தையலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"எனக்கு நெனப்பு இருந்திச்சிக்கா. கண்ணத்தான் தொறக்க முடியல. வேற யாராச்சும் கைய வெச்சிருந்தா கத்தியிருப்பேன். உன் கைன்னு தெரிஞ்சிது. கம்முனு இருந்துட்டேன்."

தேவசேனா எழுந்து வெளியே வந்து, ஆஸ்பத்திரிக் குழாயடியில் கையைக் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள்.

அன்று இரவு வீட்டில் சோற்றுத் தட்டை ஒதுக்கிவைத்துவிட்டு நடந்ததைச் சொன்னாள். பக்கத்துக் கொட்டகையில் தறி ஓடும் சத்தத்தில் சுவர் அதிர்ந்தது. கமலக்கண்ணன் தலைமயிரில் ஒட்டிய பஞ்சோடு எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

"நீ பாக்காட்டி வேற யாரையாச்சும் பாக்கச் சொல்லியிருப்பாங்க," என்றான் ஆறுதலாக.

"சொல்லியிருக்கட்டும். அவளும் மாட்டேன்னு சொல்லியிருக்கட்டும். அப்புறம் அடுத்தவ."

அவன் அவளையே பார்த்தான். பல வருஷமாகக் காலைத் தூக்கிச் சுவரில் வைத்துக்கொண்டு தூங்கிப்போகிறவள். இன்று கால்களை மடக்கி நேராக உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா பண்ணப் போற?"

"தெரியல. வேன்ல எல்லாரும் ஒண்ணாத்தான போறோம். கேக்கறேன்."

காலையில் வேன் புத்தூரைத் தாண்டும்போது அவள் கேட்டாள். ஆஸ்பத்திரியில் மோனிகா சொன்னதை அப்படியே சொன்னாள், தன் கையைப் பற்றிச் சொன்னதையும் விடவில்லை. ஜன்னலோரம் இருந்த ஒருத்தி, "வேலை போயிடும்க்கா," என்றாள். இன்னொருத்தி, "போன மாசம் என்னையும் அப்படித்தான் மடிக்குள்ள கைய விட்டுத் தடவுனாங்க. அன்னிக்கி வீட்டுக்குத் தூரம் வேற. நான் யாருகிட்டயும் சொல்லல," என்றாள். அதன்பிறகு ஒவ்வொருத்தியாகப் பேசினார்கள். ரேணிகுண்டா வரும்வரை அழுகையும் கோபமுமாகப் பேச்சு ஓயவில்லை.

கடைக்குப் பின்னால் இருந்த சந்தில் வேன் நின்றது. யாரும் உள்ளே போகவில்லை. பின்வாசலுக்கு எதிரே, சிமெண்டுத் தரையில் தேவசேனா முதலில் உட்கார்ந்தாள். உட்காரும்போது முழங்கால் இரண்டும் முனகின. மற்றவர்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். திருப்பதியிலேயே இருக்கும் கௌசிகா ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்தாள். "ஏமி அக்கா இதி?" என்று கேட்டு, பதில் கேட்டதும் ஹெல்மெட்டைக் கழற்றாமலே உட்கார்ந்துவிட்டாள்.

தட்டுகள் நிலவறையில் கிடந்தன. பொம்மைக் கழுத்துகள் வெறுமையாக நின்றன. முரளிதரன் கெஞ்சினான், மிரட்டினான், பிறகு போன் செய்தான். நாகேந்திரன் காரிலிருந்து இறங்கினார்.

"என்னம்மா, கங்கம்மா கோயில் ஜாத்திரைக்கு இன்னும் நாள் இருக்கே? இப்பவே வந்து உக்காந்துட்டீங்க?"

யாரும் சிரிக்கவில்லை.

"மோனிகா திருடலன்னு எல்லாரு முன்னாலயும் சொல்லணும் சார்," என்றாள் தேவசேனா. "கொழந்த பெத்துட்டு வந்தா அவளுக்கு அதே வேலை குடுக்கணும். எங்க ஒடம்பத் தடவுறத நிறுத்தணும். கவுண்டருக்குள்ள ஸ்டூல் போடணும்."

"ஸ்டூலா? கஸ்டமர் வரும்போது ஸ்டாஃப் உக்காந்திருந்தா அது மரியாதயா?"

"கஸ்டமர் வந்தா நிக்கறோம் சார். யாரும் வராதப்ப யாருக்கு மரியாத? சொவுத்துக்கா?"

கௌசிகா களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். நாகேந்திரன் முகம் கறுத்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தேவசேனா, நீ சீனியர். ஃப்ளோர் இன்சார்ஜ் வேலைக்கு உன்னத்தான் யோசிச்சு வெச்சிருக்கேன். இவங்களோட சேந்து கெட்டுப்போகாத."

"நேத்து அவ மடிய பாக்கச் சொல்லி என்னைக் கூப்ட்டதும் நான் சீனியர்னுதான சார்? அந்த வேலை எனக்கு வேணாம்."

"சரி. உக்காந்தே இருங்க. சித்தூர் பிராஞ்சிலிருந்து ஆளுங்க வந்துட்டிருக்காங்க. இந்தக் கடை உங்களாலதான் ஓடுதுன்னு நெனச்சீங்களா?"

அவர் உள்ளே போய்விட்டார்.

வெயில் ஏறியது. சந்தின் நிழல் சுவரோடு ஒட்டிச் சுருங்கியது. பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டார்கள். சிலர் வீட்டுக்குப் போன் செய்து கண்ணைத் துடைத்தார்கள். ஒருத்தி எழுந்து நின்றாள், கொஞ்ச தூரம் நடந்தாள், தெருமுனையில் நின்று திரும்பிப் பார்த்தாள், பிறகு போய்விட்டாள். யாரும் அவளைத் திட்டவில்லை. வெங்கடலட்சுமி துடைப்பத்தைப் பின்வாசலில் சாத்திவிட்டு வந்து, வாளித் தண்ணீரையும் தம்ளரையும் நடுவில் வைத்துத் தானும் உட்கார்ந்தாள்.

"குடிங்க," என்றாள். "இங்க யாருகிட்டயும் கேக்க வேணாம்."

மாறி மாறிக் குடித்துக்கொண்டிருந்தபோது சித்தூர் வேன் வந்தது.

அதே நிறச் சீருடை. அதே ஊக்குக் குத்திய கொசுவம். அதிகாலையில் எழுப்பி வண்டியேற்றிய களைப்பு எல்லா முகத்திலும் இருந்தது. முரளிதரன் கதவை அகலத் திறந்து, "வாங்கம்மா, சீக்கிரம், சீக்கிரம்," என்றான். முன்னால் இறங்கிய பெண் தயங்கி நின்றாள்.

"இன்னா ஆச்சிக்கா? ஏன் தரையில உக்காந்துகினு இருக்கீங்க?"

தேவசேனாவுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. நடந்ததைச் சொன்னாள். உரக்கக்கூடச் சொல்லவில்லை. சித்தூர்ப் பெண்கள் வேன் படியிலும் தரையிலுமாக நின்று கேட்டார்கள்.

"நந்திதா! கதைய அப்புறம் கேட்டுக்கலாம். உள்ள வா!" என்றான் முரளிதரன்.

நந்திதா என்ற அந்தப் பெண் அவனைப் பார்த்தாள். பிறகு தேவசேனா பக்கம் குனிந்தாள்.

"எங்களுக்கும் நைட்டு அதே தடவல்தான்க்கா. எங்களுக்கும் சேத்துக் கேப்பீங்களா?"

"நீயே கேளேன்டி. இங்க உக்காந்து கேளு."

நந்திதா தன் கூட வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தாள். இருவர் தலையைக் குனிந்துகொண்டு கதவுக்குள் போனார்கள். மற்றவர்கள் அசையவில்லை. உள்ளே எங்கோ நாகேந்திரனின் குரல் தெலுங்கில் உயர்ந்து கேட்டது. போலீஸ் என்ற சொல் மட்டும் தெளிவாக வந்தது.

நந்திதா புடவையை ஒதுக்கிக்கொண்டு உட்காரக் குனிந்தாள். தேவசேனா இடுப்பு வலியோடு கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அவள் நகர்ந்ததும் பக்கத்திலிருந்தவள் நகர்ந்தாள், அதற்கடுத்தவளும் நகர்ந்தாள். சந்து அகலமில்லாதது. ஆனாலும் வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்களுக்கும் அதில் இடம் இருந்தது.